கடை தெருவில் உண்டு, தேடலில் இல்லை

ஸ்காபரோவில் எம்மவர் கடைகள் தெருவுக்குத் தெரு உள்ளன. ஆயினும் அவற்றுட் சிலவற்றின் இணையத்தளங்கள் கூகிளில் தேடுவோர் கண்ணிற் படுவதில்லை. குறை பொருளில் அன்று, எழுத்திலேயே உள்ளதென்பதை வணிகப் பெருமக்களுக்குச் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய ஒன்று. எமக்குத் தமிழாகத் தெரிவது தேடுபொறிக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையே. 1991இல் வெளியான யூனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. பழைய பக்கங்களை அம்முறைக்கு மாற்றுவதே முதற் பணி. விலைப்பட்டியலைப் படமாக மட்டும் இடுவதும் போதாது; எழுத்தாகவும் இடல் வேண்டும்.

இங்கு பிறந்த எம் பிள்ளைகளிற் பலர் ஆங்கிலத்திலேயே தேடுவர். வேற்றினத்தவர் இடியப்பத்தை 'ஸ்ரிங் ஹொப்பர்' என்றே அறிவர். ஆகவே இருமொழிப் பெயர்களும் தேவை. கூகிளில் வணிக விபரம் பதிவதற்குக் கட்டணம் இல்லை. அங்கும் தளத்திலும் முகவரி, தொலைபேசி இலக்கம், திறக்கும் நேரம் ஆகியன ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

'முதலிடம் நிச்சயம்' எனக் கூறிப் பணம் கேட்போரிடம் விழிப்பாயிருங்கள். அவ்வாறு எவராலும் உறுதியளிக்க முடியாதெனக் கூகிளே அறிவுறுத்துகின்றது. பெயர்ப்பலகையில் தமிழைத் துணிந்து எழுதிய எம் வணிகர், இணையத்திலும் பிறர் கண்டறியும் வண்ணம் அதனை எழுதுவாராக.