ரீஸ்ரர் ஓய்வூதியம்: கூடக் கட்டினால் என்ன, குறையக் கட்டினால் என்ன?



1980களில் அகதிகளாக ஜேர்மனிக்கு வந்த எம்மவர் பலருக்கு முதல் ஆண்டுகளில் வேலை செய்ய அனுமதி இருக்கவில்லை. அதனால் அவர்களின் அரச ஓய்வூதியக் கணக்கில் அந்த ஆண்டுகள் வெறுமையாகவே உள்ளன. அந்தக் குறையை நிரப்பலாம் என்ற எண்ணத்தில் பான் நகரிலும் எம்மவர் குடும்பங்கள் ரீஸ்ரர் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. தொழில் அமைச்சராக இருந்த வால்ரர் ரீஸ்ரரின் பெயரால் அழைக்கப்படும் இத்திட்டம் 2002இல் நடைமுறைக்கு வந்தது. இதில் கட்டும் தொகை கூடினாலோ குறைந்தாலோ என்ன நடக்கும் என்பதை இம்மாதம் பார்ப்போம்.

முதலில் கணக்கு. கொடுப்பனவை முழுமையாகப் பெற, முந்திய ஆண்டின் புருட்டோ வருமானத்தில் 4 வீதம் ஒப்பந்தத்தில் சேர வேண்டும். இதில் 'சூலாக' எனப்படும் அரச கொடுப்பனவும் அடங்கும். மீதியை நாம் கட்டினால் போதும். 2018 முதல் அடிப்படைக் கொடுப்பனவு ஆண்டுக்கு 175 யூரோ. பிள்ளைக்கான கொடுப்பனவு, 2008க்கு முன் பிறந்தவருக்கு 185 யூரோ, அதன்பின் பிறந்தவருக்கு 300 யூரோ. தம்பதியரில் இது பொதுவாகத் தாயின் ஒப்பந்தத்திற்கே போகும்.

கூடக் கட்டினால்? கொடுப்பனவும் சேர்த்து ஆண்டுக்கு 2,100 யூரோ வரைதான் வரிச்சலுகை உண்டு. 660 யூரோ கொடுப்பனவு பெறும் தாய் ஒருவருக்கு அவருடைய பங்கின் உச்சம் 1,440 யூரோ. அவர் மாதம் 150 யூரோ வீதம் 1,800 யூரோ கட்டினால் 360 யூரோவுக்குச் சலுகை இல்லை. அதற்குத் தண்டமும் இல்லை. பணம் கணக்கிலேயே இருக்கும். ஆனால் சலுகை பெற்ற பணத்திலிருந்து வரும் ஓய்வூதியம் முதுமையில் முழுவதும் வரிக்கு உட்படும். சலுகை பெறாத பங்கிற்கு அப்படியல்ல. அதன் இலாபப் பகுதிக்கு மட்டுமே வரி. ஆகவே நிறுவனம் ஆண்டுதோறும் அனுப்பும் சான்றிதழ்களை எறிந்துவிடாமல் கோப்பில் வையுங்கள். மேலதிகப் பணத்தை மீளப் பெற முடியுமா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

குறையக் கட்டுவதில்தான் இழப்பு அதிகம். ஓர் உதாரணம்: தாயின் 2023 வருமானம் 30,000 யூரோ, 4 வீதம் 1,200 யூரோ. பிள்ளைகள் 2005இலும் 2010இலும் பிறந்தவர்கள். இருவருக்கும் 'கின்டர்கெல்ட்' வந்தவரை கொடுப்பனவு 660, அவருடைய பங்கு 540 யூரோ. மூத்த பிள்ளை 2023இல் தொழிற்பயிற்சியை முடிக்க, கின்டர்கெல்ட் நின்றது. ஆண்டில் ஒரு மாதமாவது அது இருந்தால் அந்த ஆண்டுக்குக் கொடுப்பனவு உண்டு. எனவே 2023க்குப் பாதிப்பில்லை. 2024இல் கொடுப்பனவு 475 ஆகக் குறைய, அவருடைய பங்கு 725 ஆக உயர்கிறது. அவர் பழையபடி 540 மட்டும் கட்டினால், 475 யூரோவும் அதே விகிதத்தில் வெட்டப்பட்டு ஏறக்குறைய 354 யூரோவே கிடைக்கும். பிள்ளையின் 185 யூரோ போனதென்று நினைத்தால், உண்மையில் 306 யூரோ போய்விட்டது!

பிரண்டன்பேர்க் நகரிலுள்ள மத்திய கொடுப்பனவு நிலையம் கூடுதலாகக் கொடுத்ததைக் கண்டால், உங்கள் ஒப்பந்தக் கணக்கிலிருந்தே அதை மீளப் பெறும். விடுபட்ட பங்கை ஆண்டு முடிந்தபின் கட்டிச் சரிசெய்யப் பொதுவாக முடியாது. ஆகவே பிள்ளையின் படிப்பு முடிந்தாலோ, சம்பளம் உயர்ந்தாலோ, டிசம்பர் 31க்கு முன் நிறுவனத்திற்கு அறிவித்து மாதத் தொகையைத் திருத்துங்கள். நிலையத்தின் கணக்குப் பிழை என்றால், சான்றிதழ் கிடைத்து ஓராண்டுக்குள் நிறுவனத்தின் ஊடாக எழுத்தில் விண்ணப்பிக்கலாம்.

இனி வரிப் படிவம். இதற்கென 'அன்லாக ஏவி' என்ற இணைப்புப் படிவம் உண்டு. வரி அலுவலகம் கொடுப்பனவையும் வரிச்சலுகையையும் ஒப்பிட்டு, சலுகை கூடுதலாக இருந்தால் வித்தியாசத்தைத் தரும். இங்கு ஒரு விடயம் முக்கியம்: கொடுப்பனவுக்கு நீங்கள் விண்ணப்பிக்காவிட்டாலும், உங்களுக்கு உரிய தொகையை அலுவலகம் கழித்தே கணக்கிடும். விண்ணப்பிக்க இரண்டு ஆண்டுகளே அவகாசம்; 2024க்கு 2026 டிசம்பர் 31 வரை. நிரந்தர விண்ணப்பத்தில் ஒருமுறை கையொப்பமிட்டால் ஆண்டுதோறும் அலைய வேண்டியதில்லை. படிவங்களில் கேட்கும் 11 இலக்க வரி எண்ணை வழங்கும் மத்திய வரி அலுவலகம் எங்கள் பான் நகரிலேயே உள்ளது.

வரித் தீர்வுக் கடிதத்தில் பிழை கண்டால் ஒரு மாதத்திற்குள் 'ஐன்ஸ்புறுக்' எனப்படும் ஆட்சேபம் எழுதுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. நீங்களே தவறாக நிரப்பி வரி குறைந்திருந்தால், அறிந்தவுடன் தாமதமின்றி அறிவிப்பது சட்டக் கடமை. மொழி தடையானால் வரி உதவிச் சங்கங்களை நாடலாம். அங்கத்துவப் பணம் வருமானத்திற்கு ஏற்ப அமையும்.

பிள்ளைகளின் படிப்பு முடிவது மகிழ்ச்சியான செய்தி. அந்தச் செய்தியை ரீஸ்ரர் நிறுவனத்திற்கும் சொல்லிவிடுங்கள்.