தானமாக வரும் இதயம்: முன்கூட்டியே கேட்க வேண்டியவை

"ஹார்ட் கிடைச்சிருக்கு, உடனே வாங்க" என்று அழைப்பு வந்த பிறகு யாருக்கும் கேள்வி கேட்கத் தோன்றாது. அதனால், இதய மாற்றுக்காகக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் சேர்க்கும்போதே கேட்டுவிட வேண்டும். அறுவை சிகிச்சை எவ்வளவு நேர்த்தியாக நடந்தாலும், வந்து சேரும் இதயத்தின் நிலையும் நோயாளியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

எதில் ஆபத்து?

கொடையாளரின் வயது, சர்க்கரை நோய், ரத்த அழுத்தத்தால் தடித்த இதயச் சுவர், ரத்தக்குழாய் அடைப்பு ஆகியவை முக்கியமானவை. மூளைச்சாவின்போது பெருகும் அட்ரினலின் நல்ல இதயத்தையும் தளர்த்திவிடும்; தீவிர சிகிச்சைப் பிரிவில் முறையாகப் பராமரித்தால் அது தேறவும் கூடும். ஐஸ் பெட்டியில் கொண்டுவரப்படும் இதயத்துக்குச் சுமார் 4 மணி நேரத்துக்குள் மீண்டும் ரத்த ஓட்டம் கிடைப்பது நல்லது. வயதான இதயம் தாமதத்தை அவ்வளவாகத் தாங்காது. பெரிய உடம்புக்குச் சிறிய இதயமும் ஈடுகொடுக்காது.

இந்தக் குறைகள் ஒன்றுசேர்ந்தால், பொருத்திய இதயம் முதல் 24 மணி நேரத்திலேயே செயலிழக்கலாம். தொடக்ககால மரணங்களுக்கு இது முக்கியக் காரணம். அதற்காகக் குறையில்லாத இதயம்தான் வேண்டும் என்று காத்திருப்பதிலும் ஆபத்து உண்டு. அதற்குள் நோயாளியின் நிலை மோசமாகலாம்.

மருத்துவரிடம் கேளுங்கள்

இதயம் கிடைக்கும்போது இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவையுங்கள்:

• கொடையாளரின் வயது என்ன? மூளைச்சாவுக்குக் காரணம் என்ன? (பெயர் கேட்கக் கூடாது.)
• எக்கோ முடிவு என்ன? தேவையிருந்தும் ஆஞ்சியோ எடுக்காமல் விட்டார்களா?
• இதயம் வந்து சேர எவ்வளவு நேரமாகும்?
• இதை மறுத்தால் நோயாளி எவ்வளவு காலம் தாங்குவார்?

சட்டம் தரும் பாதுகாப்பு

ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் விளக்கிய பிறகே ஒப்புதல் பெற வேண்டும் என்று சமீரா கோஹ்லி வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் கூறியது. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி, உறுப்புக்காகப் பணம் பேசுவது 5 முதல் 10 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். உறுப்பை எடுப்பதற்கான செலவைக் கொடையாளர் குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது.

தமிழ்நாட்டில் உறுப்புகளை முறைப்படி ஒதுக்குவது தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம். முன்னுரிமை வாங்கித் தருவதாக இடைத்தரகர் யாரும் சொன்னால், ஆணையத்திலும் காவல் துறையிலும் புகார் கொடுங்கள். கட்டணச் சிகிச்சையில் அலட்சியம் நடந்தால், 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஆனால் இதயம் இயங்கவில்லை என்பது மட்டுமே அலட்சியத்துக்குச் சான்றாகாது. செய்ய வேண்டிய பரிசோதனையைத் தவிர்த்தார்களா, தெரிந்த ஆபத்தை மறைத்தார்களா என்பதை மருத்துவப் பதிவுகளே காட்டும். அவற்றின் நகலை முதலில் வாங்கிவிடுங்கள்.