மலைப்பாதைப் பெண்கள் – 9: முகத்தை மட்டும் மறைப்போம்

ஹட்டன் பஸ் நிலையத்தின் மாலை நெரிசலைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அங்கும் வழியிலும் பெண்கள் படும் பாலியல் தொல்லைகளை ஒரு ஆவணப்படமாக எடுத்தால் என்ன என்று நண்பர்கள் கேட்டார்கள். எடுக்கத்தான் போகிறோம். ஆனால் கமெராவுக்கு முன்னால் யார் வந்து உட்காருவார்கள்?

லயத்தில் ஒரு காம்பராவில் பேசியது அடுத்த காம்பராவில் கேட்கும். ட்யூஷனுக்குப் போய்வரும் பிள்ளை, பஸ்ஸில் ஒருவன் உரசினான் என்று வீட்டில் சொன்னால், அவனைத் தேடிப் போகிறவர்கள் சிலர்தான். படித்தது போதும் என்று பிள்ளையை நிறுத்திவிடும் வீடுகள் பல. அதனால் அவள் வாய் திறப்பதில்லை. ஐ.நா. சனத்தொகை நிதியம் 2015இல் ஆய்வு நடத்தி 2017இல் வெளியிட்ட கணக்கு இது: இலங்கையில் பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொல்லைக்கு ஆளான பெண்கள் 90 சதவீதம், பொலிஸிடம் போனவர்கள் 4 சதவீதம் மட்டுமே. எங்கள் படம் பேச வேண்டியது, போகாமல் இருந்துவிட்ட அத்தனை பேரையும் பற்றி.

முகம் காட்ட முடியாத அவர்களுக்காகத்தான் அனிமேஷனைத் தேர்ந்தெடுத்தோம். 2021இல் டென்மார்க்கின் யோனாஸ் போஹெர் ராஸ்முசென், ஆப்கானிஸ்தானிலிருந்து அகதியாக வந்த தன் நண்பரின் கதையை ‘ஃப்ளீ’ என்ற அனிமேஷன் ஆவணப்படமாக எடுத்தார். கதை நிஜம்; பெயரும் முகமும் மாற்றப்பட்டவை. அந்தப் படம் அடுத்த வருடம் ஒஸ்காரில் அனிமேஷன், ஆவணப்படம், சர்வதேசப் படம் என மூன்று பிரிவுகளில் பரிந்துரை பெற்றது. முகத்தைக் காட்டாவிட்டால் உண்மைத்தன்மை போய்விடும் என்பவர்களுக்கு இதற்கு மேல் பதில் வேண்டியதில்லை.

பத்து நிமிடப் படம். ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு சித்திரம் என்று வைத்தாலும் 7,200 சித்திரங்கள் தேவை. கையால் வரைவதென்றால் எதை வரைவது, எதை விடுவது என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

முதலில் விட வேண்டியது, பச்சைச் சரிவில் கூடையோடு சிரித்து நிற்கும் பெண். சுற்றுலா விளம்பரங்களில் அவளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அவள் எந்தப் பாதையால் வேலைக்கு வந்தாள் என்ற நினைப்பே வராது. வரைய வேண்டியது அந்தப் பாதையைத்தான். தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதை, விளக்கு இல்லாத திருப்பம், பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே கூடி நிற்கும் கூட்டம், கடைசி பஸ்ஸின் மிதிபலகை, கொழுந்து நிறுக்கும் இடத்தில் காதில் விழும் இரட்டை அர்த்தப் பேச்சு. தோட்டத்தில் தெரு வேறு, வேலைத்தலம் வேறு என்று பிரிக்க முடியாது. 2019இல் சர்வதேசத் தொழில் அமைப்பு நிறைவேற்றிய 190ஆம் சமவாயம், வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் தொல்லையையும் வேலை உலகத்து வன்முறையாகவே கணக்கில் எடுக்கிறது. மலையகப் பெண்ணுக்கு அது மிகவும் பொருந்தும்.

தொல்லை நடக்கும் கணத்தில் அவள் உடம்பை வரையக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அவளை இன்னொரு முறை வேடிக்கைப் பொருளாக்க நமக்கு உரிமையில்லை. அந்த நேரத்தில் படம் மற்றவர்கள் பக்கம் திரும்பட்டும். ஜன்னலுக்கு வெளியே பார்க்கும் பெரியவரையும், காசு எண்ணும் கொண்டக்டரையும், சிரித்த இளைஞனையும் வரைவோம். அவர்கள் பார்த்தார்கள், பார்த்தும் பேசாமல் இருந்தார்கள்.

குரல்தான் பெரிய சிக்கல். முகத்தை மறைத்தாலும் ஊரில் குரலைக் கொண்டு ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஆகவே சாட்சி சொன்னவளின் வார்த்தைகளை வேறொரு மலையகப் பெண் பேச வேண்டும். யாழ்ப்பாணத் தமிழோ சென்னை சினிமாத் தமிழோ வேண்டாம். தோட்டத்தின் பெயர், பிள்ளைகளின் எண்ணிக்கை, அடையாளம் காட்டும் கோயில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். கோட்டுப்படங்களைக் குரலோடு கோத்த முதல் வடிவத்தைச் சாட்சி சொன்னவளுக்குத்தான் முதலில் போட்டுக் காட்டுவோம். வேண்டாம் என்று அவள் சொன்னால், எத்தனை மாத வேலையானாலும் அந்தப் பகுதி போய்விடும்.

முதல் திரையிடல் தோட்டத்தில்தான், ஆண்களும் பெண்களும் சேர்ந்து உட்காரும் இடத்தில். கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டியபோது, அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் தொழிலாளர் துயரத்தைப் பாடலாகப் பாடினார். மலையகத்தில் ஒரு பெண் பொது இடத்தில் குரல் எழுப்புவது புதுப் பழக்கமில்லை.

படம் வரும்வரை காத்திருக்க வேண்டாம் தங்கச்சிமாரே. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி, சொல்லாலோ செயலாலோ பாலியல் தொல்லை கொடுப்பது ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி எண் 1938. பொலிஸில் முறைப்பாடு செய்யும்போது தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. வாசித்துப் புரியாத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.