வேலை மாடு திடீரென்று மாறினால்

பல வருடங்களாக ஒழுங்காக வண்டில் இழுத்த எருது ஒருநாள் நுகத்தைக் கண்டதும் பின்வாங்குகிறது. சிறுபிள்ளை கயிற்றைப் பிடித்தாலும் பேசாமல் பின்னால் போன மாடு, கழுத்தில் கை வைத்தவுடன் கொம்பை ஆட்டுகிறது. இன்னொன்று பாதி வயலில் படுத்துக்கொண்டு எழும்ப மறுக்கிறது. இப்படியான வேளைகளில் எம்மவர் வாயில் முதலில் வரும் சொற்கள் குளப்படி, கள்ளம், நாவூறு என்பவைதான். குளப்படிக்கும் கள்ளத்துக்கும் மருந்து பூவரசந்தடி. நாவூற்றுக்குச் செத்தல் மிளகாய். இரண்டும் பலிக்காவிட்டால் மாடு அரைவிலைக்கு இறைச்சிக்குப் போய்விடும்.

சொந்தக் காணியில் இருப்பவருக்கே இது பெரிய நட்டம். இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துக்கு எஞ்சிய சொத்து ஒரு சோடி மாடும் ஒரு வண்டிலும் என்றால், அந்த நட்டம் அடுப்பில்தான் தெரியும். சோடியில் ஒன்று போனால் மற்றதும் போன மாதிரித்தான். உழவு இயந்திரம் பெரும்பாலான வயல்களுக்கு வந்துவிட்ட இந்நாளிலும், அதற்கு வாடகை கொடுக்க இயலாதவர்களுக்கும் விறகும் தண்ணீரும் ஏற்றிப் பிழைப்பவர்களுக்கும் மாடுதான் கைகொடுக்கிறது. ஆகவே, நெடுநாள் நேர்மையாக உழைத்த மாடு திடீரென மாறினால், அதன் குணம் கெட்டுவிட்டதென்று முடிவு செய்யுமுன் அதன் உடம்பைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். மாட்டுக்கு வலியைச் சொல்ல வேறு வழியில்லை. வேலை செய்ய மறுப்பதுதான் அதன் பேச்சு.

குதிரைகளிடம் கண்டது

குதிரை என்றால் எமக்கு நெடுந்தீவுதான் நினைவுக்கு வரும். அங்கு நிற்பவை ஆள் ஏறாத கட்டாக்காலிக் குதிரைகள். ஆனால் இங்கிலாந்தில் குதிரையேற்றம் பலரின் தொழிலும் பொழுதுபோக்குமாகும். அங்கும் இதே வழக்கு இருந்தது. நன்றாக ஓடிய குதிரை திடீரென முன்னங்காலைத் தூக்கி எழும்பினால், உதைத்தால், நின்றுவிட்டால், அது பிடிவாதக் குதிரை என்பார்கள். சூ டைசன் என்ற மிருக வைத்தியரும் அவருடன் வேலை செய்தவர்களும் இதனை ஆராய்ந்து 2018ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். காதைப் பின்னுக்கு மடித்து வைத்திருத்தல், வாலை ஓயாமல் வீசுதல், தலையை உதறுதல், வாயைத் திறந்தபடி ஓடுதல், இடறுதல், போக மறுத்தல் என 24 நடத்தைகளை அவர்கள் குறித்துக்கொண்டார்கள். ஆள் ஏறியிருக்கும் வேளையில் ஒரு குதிரையிடம் இவற்றில் எட்டோ அதற்கு மேலோ காணப்பட்டால், அதற்கு எலும்பிலோ மூட்டிலோ தசையிலோ நோவு இருக்கக்கூடும் என்று கண்டார்கள். பின்னர் நொண்டும் குதிரைகளின் காலில் நோவுள்ள இடத்தை ஊசியால் விறைக்கச் செய்து திரும்பவும் ஓட்டிப் பார்த்தார்கள். குதிரையும் அதேதான், ஏறிய ஆளும் அதேதான். ஆனால் அந்தக் "கெட்ட குணங்கள்" உடனேயே குறைந்துவிட்டன.

அதற்கு முன், 2014இல் வெளியான இன்னொரு ஆய்வில், வழமையாக வேலை செய்துகொண்டிருந்த 500க்கு மேற்பட்ட குதிரைகளைப் பார்த்தார்கள். அவற்றில் அரைவாசிக்குக் கிட்டியவற்றின் நடையில் நொண்டலோ வேறு கோளாறோ இருந்தது. அவற்றின் சொந்தக்காரர்களோ அவை சுகமாக இருப்பதாகவே எண்ணியிருந்தார்கள். நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்குச் சிறிது சிறிதாக வரும் மாற்றம் தெரியாது. பொறுக்கமுடியாத நாளில்தான் அது "திடீரென்று" வந்ததாகத் தோன்றும். குதிரைக்கு எழுதிய பட்டியலை அப்படியே மாட்டுக்குப் போட முடியாது. ஆனால் மாடும் நோவை மறைக்கும் பிராணிதான். காட்டில் நோவைக் காட்டிய மாட்டைத்தான் புலி முதலில் பிடிக்கும்.

எங்கே பார்ப்பது?

கழுத்திலிருந்து தொடங்குவது நல்லது. பல மாதம் சும்மா நின்ற மாட்டின் கழுத்துத் தோல் மெதுவாகியிருக்கும். மாரி தொடங்கியதும் முதல் நாளே முழுநாள் உழவுக்குப் பூட்டினால், நனைந்த நுகம் நனைந்த தோலில் தேய்ந்து வீங்கச் செய்யும். புண் வெளியே தெரியுமுன்னரே நோவு வந்துவிடும். கையை விரித்து நுகம் படும் இடமெங்கும் அழுத்திப் பாருங்கள். சூடும் கட்டியும் உண்டா, மாடு தோலைச் சுண்டுகிறதா என்று கவனியுங்கள். அவசரத்துக்கு வெட்டிச் செதுக்கிய புது நுகமானால் அதன் விளிம்பையும் தடவிப் பாருங்கள். எம்மிடையே பலருக்குப் பழைய நுகத்தைக் கொண்டுவர முடியாமற் போனது. மாடு அந்தப் பழைய நுகத்துக்குப் பழகிய மாடு. புண் ஆறும்வரை பூட்டாமல் விடுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. வேப்பெண்ணெய் இலையானை விரட்டும், தேய்வை நிறுத்தாது.

நாணயக்கயிற்றுத் துளை, கொம்பின் அடி, கண், குளம்பின் பிளவு என்பவற்றையும் பார்க்க வேண்டும். ஒரு குளம்பு மற்றதைவிடச் சூடாக இருந்தால் அங்கே ஏதோ உண்டு. வாயில் கொப்புளமும் எச்சிலும், காலில் புண்ணும் ஒன்றாகக் கண்டால் அது கால்வாய் நோயாக இருக்கலாம். மாட்டைப் பட்டியிலிருந்து பிரித்து மிருக வைத்தியருக்கு உடனே அறிவியுங்கள்.

நாம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது கம்பியைப் பற்றி. மாடு தீனை நன்றாக மெல்லாமலே விழுங்கிப் பிறகுதான் அசைபோடும். புல்லோடு ஓர் ஆணியோ கட்டுக்கம்பித் துண்டோ போனால் அதற்குத் தெரியாது. அது இரண்டாம் இரைப்பையில் தங்கி, சுவரைக் குத்தி, முன்பக்கம் இருக்கும் இருதயம் வரைக்கும் போகலாம். இடிந்த வீட்டு வளவுகள், முட்கம்பி அறுத்துப் போட்ட வேலியோரங்கள், தகரக் கொட்டில்கள் கட்டிப் பிரித்த இடங்கள் எல்லாம் இதற்கு வாய்ப்பான இடங்கள். எம்மவர் மாடு கட்டுவதும் பெரும்பாலும் அப்படியான இடங்களில்தான். இம்மாடு முதுகைக் கூனி, முன்னங்கால்களை அகற்றி வைத்து நிற்கும். திடீரெனத் தீன் குறையும். மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கத் தயங்கும். எழும்பும்போதும் சாணம் போடும்போதும் முனகும். திமிலுக்குப் பின்னால் முதுகுத் தோலை இறுக்கிக் கிள்ளினால் சுகமான மாடு முதுகைக் கீழே பதிக்கும். இது பதிக்காது, முனகும். இப்படி நிற்கும் மாட்டை அடித்து ஓட்டினால் கம்பி இன்னும் உள்ளே போகும். நிறுத்திக் கட்டிவிட்டு வைத்தியரைத் தேடுங்கள். இரைப்பையில் காந்தம் விட்டுக் கம்பியைப் பிடித்துவைக்கும் முறை உண்டு, வெட்டி எடுக்கும் முறையும் உண்டு. மாட்டைக் கட்டுமுன் பிள்ளைகளைக் கொண்டு அந்த நிலத்தில் கிடக்கும் ஆணியையும் கம்பியையும் பொறுக்குவிப்பது எல்லாவற்றிலும் மலிவு. ஆனால் மிதிவெடி அகற்றப்பட்டதென்று உறுதியான நிலத்தில் மட்டும்.

உடம்பில் ஒன்றும் இல்லாவிட்டால் மாட்டின் கண்ணால் சுற்றாடலைப் பாருங்கள். மாடு ஏறக்குறைய தன்னைச் சுற்றியுள்ள அனைத்தையும் பார்க்கும். ஆழத்தை மட்டும் நன்றாக அளக்காது. தரையில் விழுந்த கரும் நிழல் அதற்குக் கிடங்காகத் தெரியலாம். காற்றில் அடிபடும் தறப்பாள், பாதைக்குக் குறுக்கே கிடக்கும் குழாய், கொடியில் ஆடும் துணி என்பன மாட்டை நிறுத்திவிடும் என்பதை அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற விலங்கியல் அறிஞர் விரிவாக எழுதியிருக்கிறார். முகாமைக் கடக்கும்போது மட்டும் மறுக்கும் மாடு நோயாளியல்ல, பயந்த மாடு. அடித்தால் அந்த இடத்துக்கே நிரந்தரமாகப் பயப்படும். சோடியை இழந்து புதியதொன்றுடன் பூட்டிய மாடும் இப்படித்தான் குழம்பும். வலத்தனாகப் பழகியதை இடத்தனாக மாற்றினால் இன்னும் மோசம். தண்ணீரையும் மறக்க வேண்டாம். வெயிலில் உழைக்கும் மாடு ஒரு நாளில் 40 லீற்றரும் அதற்கு மேலும் குடிக்கும். புது ஊரின் உவர்க் கிணற்றை அது மோந்துவிட்டு விலகினால், மத்தியானம் வயலில் படுப்பது குளப்படியால் அல்ல.

ஒரு மாற்றத்தை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கக் கூடாது. காரணமின்றிச் சீறுதல், ஓயாமல் கதறுதல், எச்சில் ஒழுகுதல், விழுங்க முடியாமை, பின்கால் தள்ளாடுதல் என்பன விசர்நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். தொண்டையில் ஏதோ அடைத்துவிட்டதென்று எண்ணி வாய்க்குள் கையை விடுவது எமது வழக்கம். இந்நிலையில் அதைச் செய்யவே கூடாது. எச்சில் கையில் பட்டுவிட்டால், அதுவும் கீறலோ புண்ணோ இருந்தால், ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் 15 நிமிடம் கழுவி அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மனிதருக்கு இந்நோய் தொடங்கிய பின் மருந்து இல்லை. முன்கூட்டி ஏற்றும் ஊசியே காப்பாற்றும்.

மிருக வைத்தியரிடம் போகும்போது "மாடு சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த நாள் தொடங்கியது, பூட்டும்போதா இழுக்கும்போதா, ஏற்றத்திலா இறக்கத்திலா, அசைபோடுகிறதா, சாணம் எப்படி, அண்மையில் நுகமோ சோடியோ தீனோ மாறியதா, நாய் கடித்ததா என்று சொல்லுங்கள். மாடு சுகமாகித் திரும்பியதும் முதல் கிழமை காலை வேளையில் மட்டும், அரைப்பாரத்துடன் பூட்டலாம். மாடொன்று நாள் முழுக்கத் தொடர்ந்து இழுக்கக்கூடியது அதன் உடல் நிறையில் பத்திலொரு பங்களவு விசையே. அதாவது 300 கிலோ மாட்டுக்கு 30 கிலோ. சக்கரம் புதையும் மணற்பாதையில் வெறும் வண்டிலே அதில் நல்ல பங்கை எடுத்துவிடும்.