27 பேர், ஒருவரும் தப்பவில்லை
நியூயார்க், 1956 அக்டோபர் 8

இந்தப் பூங்கா இருக்கும் இடத்தில்தான் பழைய யாங்கி ஸ்டேடியம் இருந்தது. பேஸ்பால் உலகத் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில் யாங்கீஸ் வீச்சாளர் டான் லார்சன், புரூக்ளின் டாட்ஜர்ஸின் 27 மட்டையாளர்களையும் வரிசையாக அவுட்டாக்கினார். மூன்று நாள் முன்புதான் இதே தொடரின் இன்னோர் ஆட்டத்தில் இரண்டாவது இன்னிங்ஸைக்கூட முடிக்காமல் வெளியே அனுப்பப்பட்டவர் அவர்!

டாட்ஜர்ஸின் ஜாக்கி ராபின்சன் விளாசிய பந்து யாங்கீஸின் ஆண்டி கேரியின் கையுறையில் பட்டுத் தெறித்தது. அருகே நின்ற சக வீரர் கில் மெக்டூகல்ட் அதை எடுத்து எறிந்தார். மயிரிழையில் ராபின்சன் அவுட். அந்தக் கைகளுக்கும் இந்தச் சாதனையில் பங்குண்டு.

லார்சனின் 97ஆவது, கடைசிப் பந்துக்கு டாட்ஜர்ஸின் டேல் மிட்செல் மட்டையை நீட்டப் போய் நிறுத்திக்கொண்டார். நடுவர் பேப் பினெல்லி மூன்றாவது ஸ்ட்ரைக் என்றார். கேட்சர் யோகி பெரா ஓடிவந்து லார்சன்மேல் தாவினார்.

யாங்கீஸ் 2, டாட்ஜர்ஸ் 0. உலகத் தொடரில் இப்படியொரு ஆட்டம் வேறில்லை.