ரேடியம் மஞ்சளும் வெள்ளிக் கைகளும்

சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கும் நண்பர், நிறம் பார்க்க வைத்திருந்த வெளிநாட்டு ஏலக் கேட்லாக் ஒன்றைக் காட்டினார். ஒரு முழுப் பக்கத்துக்கும் ஒரே கைக்கடிகாரம். அதன் எண்கள் பழைய பஞ்சாங்கத் தாளின் நிறத்தில் இருந்தன. "இந்த மஞ்சளுக்குத்தான்யா காசு. வெள்ளையா மாத்திட்டா ஒருத்தனும் தொடமாட்டான்" என்றார். அந்த மஞ்சளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இந்தக் கடிகாரங்கள் ஆபரணமாகப் பிறந்தவை அல்ல. 1936இல் புளோரன்சின் பனராய் கடை, இத்தாலியக் கடற்படையின் முக்குளிப்புப் படைக்காக, ரோலெக்ஸ் செய்து கொடுத்த மாதிரிகளை வழங்கியது. 1941 டிசம்பரில் மனித டார்பிடோக்களில் அலெக்சாந்திரியா துறைமுகத்துக்குள் புகுந்து இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை முடக்கியது இத்தாலியின் இத்தகைய படைதான். பிரெஞ்சுப் போர் முக்குளிப்போர் கேட்டபடி உருவானது 1953இன் பிளாங்பான். 1970களில் பிரிட்டிஷ் கடற்படைக்குப் போன ரோலெக்ஸ் சப்மரைனரில், பட்டை கழன்றுவிடாதபடி கம்பியை உடலோடு நிலையாகப் பொருத்தியிருந்தார்கள். அரசாங்கச் சாமானாக இருந்த அதே கடிகாரம் இன்று ஏலத்தில் கோடி ரூபாயைத் தாண்டுகிறது.

சேகரிப்பவர் முக்குளிக்கப் போவதில்லை. பயன்மதிப்பு முற்றாக உதிர்ந்த பிறகுதான் இந்தப் பண்டம் முழு வீச்சில் பண்டமாகிறது. அவர் மணிக்கட்டில் கட்டிக்கொள்வது போர் என்கிற கதையாடலை. அதில் பதுங்கிச் செல்லும் வீரன் உண்டு, இருட்டும் கடலும் உண்டு. டயலுக்கு வண்ணம் தீட்டிய பெண் மட்டும் இல்லை.

அவள் இருந்தாள். 1917இலிருந்து அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் ஆரஞ்சு நகரில் இளம்பெண்கள் ரேடியம் கலந்த பூச்சால் கடிகார எண்களைத் தீட்டினார்கள். போர்க்களத்துக்குப் போகும் கடிகாரங்கள். எத்தனை டயலோ அத்தனைக்குக் கூலி. தூரிகை முனை கூராக இருக்க அதை உதட்டில் வைத்து இழுக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ரேடியம் சுண்ணாம்புச் சத்தைப் போலவே எலும்பில் போய் உட்காரும். தாடை இற்று விழுந்தது. 1927இல் ஐந்து பெண்கள் போட்ட வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது.

கந்தக பூமிக்காரனுக்கு இது புதிய கதையே இல்லை. ஐரோப்பாவில் தீப்பெட்டித் தொழிலாளிகளின் தாடையை வெள்ளைப் பாஸ்பரஸ் தின்றது. இந்தியாவில் 1913இலேயே சட்டம் போட்டு அந்தத் தீக்குச்சியைத் தடுத்தார்கள். சிவகாசிக்குத் தீப்பெட்டி வந்தது அதற்குப் பிறகு, 1920களில். அந்த ஒரு விஷத்துக்கு மட்டும் தப்பித்தோம் என்று வைத்துக்கொள்ளலாம். தனிம அட்டவணையில் கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம், ரேடியம் நான்கும் ஒரே வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. நம் வாணத்தின் சிவப்பு ஸ்ட்ரான்சியம், பச்சை பேரியம். (பேரியம் உப்புக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் தடை போட்டது.) இன்றைய முக்குளிப்புக் கடிகாரம் இருட்டில் ஒளிர்வதும் பெரும்பாலும் ஸ்ட்ரான்சியம் சேர்மத்தால்தான், அதில் கதிரியக்கம் இல்லை. நம்மூரில் லாரிக்குப் பின்னால் ஒட்டும் ஸ்டிக்கரைக்கூட 'ரேடியம்' என்கிறோம், அதில் ரேடியத்தின் பொட்டுக்கூடக் கிடையாது.

மஞ்சளுக்கு வருகிறேன். ரேடியத்தின் கதிர் அடித்து அடித்து, கூடக் கலந்த துத்தநாக சல்பைடு சில பத்தாண்டுகளில் களைத்துப்போகிறது. ஒளி நிற்கிறது, நிறம் பழுக்கிறது. ரேடியம் அப்படியே இருக்கிறது. அது பாதியாகக் குறையவே 1600 ஆண்டு ஆகும். ஆக, சேகரிப்பவர் காசு கொடுப்பது அணைந்துபோன வெளிச்சத்துக்கும் அணையாத நஞ்சுக்கும். அதைச் சுரண்டிச் சுத்தமாக்கினால் விலை பாதாளத்துக்குப் போகும். மூடியைத் திறந்து பழுதுபார்க்கும் தொழிலாளி அந்தத் தூசியைச் சுவாசிப்பது 'அசல்' என்ற சொல்லுக்குள் வராது.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். அவை செய்தியாயின. செய்தியாகாதது அலுமினியப் பொடி. மருந்து அலசுகிறவர்கள், செலுத்துகிறவர்கள் கையில் அது நகக்கண்வரை ஏறியிருக்கும்.

நண்பரின் அக்கா இருபது வருஷமாக மருந்து செலுத்தியவர். கேட்லாக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு வெலையா? ஓடுதாப்பா?" என்று கேட்டார். பக்கத்தின் ஓரத்தில் சாம்பல் வெள்ளியாக அவருடைய விரல் ரேகை விழுந்திருந்தது. நண்பர் நிறம் கெட்டுப்போகும் என்று ஈரத்துணியால் அதைத் துடைத்தார்.