கட்டியை எடுத்த பிறகு



"சாதாரணக் கட்டிதான், எடுத்தாயிற்று" என்று மருத்துவர் சொன்னதும் பெற்றோர் பெருமூச்சு விடுகிறார்கள். பெரும்பாலான கட்டிகளில் அந்த நிம்மதி சரியானதே. ஆனால் டெரட்டோமா என்னும் கட்டியில் அது மட்டும் போதாது.

சுமார் 35,000 முதல் 40,000 வரையான பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு, பெரும்பாலும் பெண் குழந்தைக்கு, வால் எலும்பின் நுனியில் இக்கட்டி வளருகிறது. பிறந்தவுடன் எடுக்கப்படுபவற்றில் பெரும்பான்மை புற்றுநோய் அல்ல. எனினும் வால் எலும்பையும் சேர்த்து எடுக்காவிட்டால், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்குக் கட்டி திரும்பி வந்ததை அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் கிராஸும் உடனிருந்தோரும் 1951-இல் எடுத்துக் காட்டினார்கள். எலும்பை எடுத்தும் சிலருக்குத் திரும்புகிறது. சில சமயம் புற்றுநோயாகவே திரும்புகிறது. முதல் ரிப்போர்ட் நல்லதாயிருந்தது என்பது இதற்கு உத்தரவாதம் அல்ல.

இடுப்புக்குள் வளருவது வெளியே தெரியாது. ஆகவே குறைந்தது 3 ஆண்டுகள், சில மாதங்களுக்கொருமுறை, மலக்குடல் வழியாக மருத்துவர் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் என்ற இரத்தப் பரிசோதனையும் வேண்டும். பிறந்த குழந்தைக்கு இப்புரதம் இயல்பாகவே மிகுதி. முதல் ஆண்டில் இறங்கிவிடும். இறங்கியது மறுபடி ஏறினால் எச்சரிக்கை. சீக்கிரம் கண்டுபிடித்தால் அறுவையாலும் கீமோதெரபியாலும் பெரும்பாலும் குணமாக்கலாம்.

உத்திரமேரூர் பக்கத்துக் கூலித் தாய்க்கோ, ஓடி விளையாடும் பிள்ளையை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் கூட்டிப்போக ஒரு நாள் கூலி போகும். "நன்றாகத்தானே இருக்கிறாள்" என்று அவள் நினைப்பதில் வியப்பென்ன?

உங்கள் சபையில் இப்படி அறுவை செய்த குழந்தை இருந்தால், டிஸ்சார்ஜ் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வால் எலும்பும் எடுக்கப்பட்டதா, அடுத்த தேதி எது என்று பார்த்து, பஸ் செலவோடு அனுப்பி வையுங்கள்.